எழுதியவர் போன பிறகும் தொடர்ந்த நாடகம்

கலந்துரையாடல் நிகழ்ச்சியை வழிநடத்துகிறவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கடிகாரம், மற்றொன்று விளம்பர இடைவேளை. ‘கலைஞன் மறைந்த பிறகு அவன் படைப்பு யாருக்குச் சொந்தம்?’ என்ற தலைப்பில் நாங்கள் நடத்திய கருத்தரங்கில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து நின்றார்.

“தம்பி, எழுதினவரே போயிட்டாரு. அப்புறம் அந்தக் கதைய இன்னொருத்தர் இழுத்துக்கிட்டுப் போறது, செத்தவர் சட்டையப் போட்டுக்கிட்டு அவர் வீட்டுக்கே விருந்துக்குப் போற மாதிரி இல்லையா?” என்று கேட்டார்.

அரங்கம் கைதட்டியது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காதில் மாட்டியிருந்த கருவியில் தயாரிப்பாளரின் குரல் வந்தது: இடைவேளை! திரும்பி வந்தபோது நான்கு நிமிடங்கள்தான் மிச்சம். அந்த நான்கு நிமிடத்தில் நான் அவசரமாகச் சொன்ன ஓர் உதாரணத்தைத்தான், வாசகர்களே, இந்தப் பக்கத்தில் ஆற அமரச் சொல்லப் போகிறேன். அது லண்டன் பிபிசி வானொலியில் நடந்த கதை.

‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி’ என்று ஒரு தொடர். ஹிட்ச்ஹைக்கர் என்றால் சாலையோரம் நின்று கட்டை விரலைக் காட்டி, போகிற வண்டியில் காசில்லாமல் ஏறிக்கொள்கிறவன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘தும்பாங்’ கேட்டுப் போகிறவன். அப்படி விண்வெளியில் தும்பாங் போகிறவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகம்தான் தலைப்பில் வரும் கையேடு. நாமும் சுருக்கமாக அதைக் ‘கையேடு’ என்றே அழைப்போம்.

இந்தப் பெயரை இன்று சொன்னால் பலருக்கு நாவல் நினைவுக்கு வரும். இளையவர்களுக்கு 2005இல் வந்த திரைப்படம் நினைவுக்கு வரும். உண்மையில் அது பிறந்தது வானொலி நாடகமாக. 1978 மார்ச் 8ஆம் தேதி, புதன்கிழமை, இரவு 10.30க்கு பிபிசி ரேடியோ 4இல் முதல் பாகம் ஒலித்தது. பெரும்பாலானவர்கள் படுக்கப் போகும் நேரம். பெரிய விளம்பரமும் இல்லை. எழுதியவர் டக்ளஸ் ஆடம்ஸ். அப்போது அவருக்கு 26 வயது ஆக இன்னும் மூன்று நாள் இருந்தது.

கதை இதுதான். ஆர்தர் டென்ட் என்ற சாதாரண ஆங்கிலேயர் ஒரு நாள் காலையில் கண் விழிக்கிறார். புறவழிச்சாலை போடுவதற்காக அவர் வீட்டை இடிக்க மண்வாரி இயந்திரங்கள் வாசலில் நிற்கின்றன. நெடுஞ்சாலைக்காக வீட்டைப் பறிகொடுத்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு, அந்த வயிற்றெரிச்சல் நமக்குப் புரியும். ஆனால் ஆர்தர் மண்ணில் படுத்து மறியல் செய்துகொண்டிருக்கும்போதே, விண்வெளியில் ஒரு புறவழிச்சாலை போடுவதற்காகப் பூமியையே இடிக்க வோகன்கள் என்ற வேற்றுக்கிரக அரசாங்க ஊழியர்கள் வந்துவிடுகிறார்கள். ஆர்தரின் நண்பன் ஃபோர்டு, அவன் வேற்றுக்கிரகத்தவன் என்பது அதுவரை ஆர்தருக்குத் தெரியாது, ஆர்தரையும் இழுத்துக்கொண்டு அந்த வோகன்களின் கப்பலிலேயே தும்பாங் ஏறிவிடுகிறான். பூமி போய்விடுகிறது. வீட்டு உடையிலேயே ஒரு மனிதர் அண்டவெளியில் அலைகிறார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு கோப்பை நல்ல தேநீர்.

இந்தத் துறைப் படிப்பில் வானொலி நாடகப் பாடத்துக்கு எங்கள் விரிவுரையாளர் போட்டுக் காட்டிய முதல் ஒலிப்பதிவு இதுதான். வகுப்பில் பாதிப் பேருக்கு ஆங்கில நகைச்சுவை பிடிபடவில்லை. ஆனால் ஓசை பிடிபட்டது. அந்தக் காலத்து வானொலி நகைச்சுவை என்றால் அரங்கில் ஆட்களை உட்காரவைத்து அவர்கள் சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். இதில் சிரிப்பே கிடையாது. ஸ்டீரியோவில், ஒரு ராக் இசைத்தட்டைத் தயாரிப்பது போல அடுக்கடுக்காக ஒலிகளைச் சேர்க்க வேண்டும் என்பது ஆடம்ஸின் ஆசை. முன்னோட்டப் பாகத்தைத் தயாரித்தவர் சைமன் பிரெட். பிறகு பொறுப்பேற்றவர் ஜெஃப்ரி பெர்கின்ஸ். பிபிசியின் ஒலிப் பரிசோதனைக் கூடமான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் நாடாக்களை வெட்டி ஒட்டி விண்கலங்களையும் கதவுகளையும் உருவாக்கினார்கள். ஒரு திமிங்கிலமும் ஒரு பூச்சாடியும் வானத்திலிருந்து விழுவதைச் சினிமாவில் காட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்? வானொலியில் இரண்டு நடிகர்களின் மூச்சுக் காற்று போதும். அந்தப் பூச்சாடியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

முதல் தொடரில் 6 பாகங்கள். 1978 கிறிஸ்துமஸுக்கு ஒன்று. 1980 ஜனவரியில் ஒரே வாரத்தில் நாளுக்கு ஒன்றாக 5. மொத்தம் 12. ஆடம்ஸ் எழுதிக்கொடுப்பதில் பேர்போன தாமதக்காரர். முதல் தொடரின் கடைசி இரண்டு பாகங்களுக்கு நண்பர் ஜான் லாயிட் கைகொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் தொடரில் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கங்கள் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. பின்னாளில் நான்காவது நாவலை முடிக்கவைப்பதற்காக அவருடைய பதிப்பாசிரியர் சோனி மேத்தா அவரை ஓட்டல் அறையில் வைத்துக் காவல் காத்த கதையும் உண்டு. இந்தத் தாமத குணம் நம் கதைக்கு முக்கியம். ஏனென்றால் வானொலி 1980இல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

எப்படி நின்றது என்றால், கடைசிப் பாகத்தில் பூமியை இடிக்கும் ஆணையில் கையெழுத்துப் போட்டவனே தன் தோழன் ஸேஃபாட் என்று ஆர்தருக்குத் தெரிய வருகிறது. கோபத்தில் எல்லாரையும் விட்டுவிட்டு விண்கலத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அத்துடன் சரி. அடுத்த தொடர் வரும் வரும் என்று நேயர்கள் காத்திருந்தார்கள். வந்தவை நாவல்கள்தான். 1979, 1980, 1982, 1984, 1992 ஆகிய ஆண்டுகளில் ஐந்து நாவல்கள். அவற்றில் ஆடம்ஸ் கதையை வேறு பாதையில் கொண்டுபோனார். வானொலியில் முடிந்த இடமும் மூன்றாம் நாவல் தொடங்கும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது.

1993இல் ஒரு முயற்சி நடந்தது. மூன்றாம் நாவலை வானொலிக்குக் கொண்டுவரலாம் என்று பேச்சு எழுந்தபோது, ஆடம்ஸே ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அவர் டர்க் மேக்ஸ். சூப்பர்மேன் கதையை பிபிசி வானொலியில் சினிமா போன்ற ஓசையோடு தயாரித்துப் பெயர் வாங்கியவர். அந்த முயற்சி கைகூடவில்லை. ஆடம்ஸின் கவனமும் வேறு பக்கம் போய்விட்டது. கையேட்டைத் திரைப்படமாக்கும் கனவோடு 1999இல் குடும்பத்துடன் கலிஃபோர்னியாவுக்கே குடிபெயர்ந்தார். 2001 மே 11ஆம் தேதி, அங்கே உடற்பயிற்சிக் கூடத்தில் மாரடைப்பு. வயது 49.

தமிழாசிரியர் ஐயாவின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

ஆடம்ஸ் இறந்த பிறகு, அவருடைய நண்பர்கள் சிலர் அந்தப் பழைய திட்டத்தைத் தூசி தட்டினார்கள். இயக்குநர் அதே டர்க் மேக்ஸ். 2003 நவம்பரில் லண்டனில் ஒலிப்பதிவு தொடங்கியது. மிச்சமிருக்கும் மூன்று நாவல்களையும் வானொலிக்குக் கொண்டுவருவது என்று முடிவு. மூன்றாம் தொடர் 2004 செப்டம்பர் 21 முதல் 6 பாகங்களாக வந்தது. நான்காம் ஐந்தாம் தொடர்கள் 2005 மே, ஜூன் மாதங்களில் நான்கு நான்கு பாகங்களாக வந்தன. பாகங்களின் எண்ணிக்கையைக்கூட 1980இல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்கள். பன்னிரண்டாவதுக்கு அடுத்தது பதின்மூன்றாவது. நடுவில் 24 ஆண்டுகள் ஓடிப்போனது ஏதோ ஒரு வாரம் விட்டுப்போனது மாதிரி!

முதலில் குரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு அதில் ஆர்வம் அதிகம். ஆர்தராக நடித்த சைமன் ஜோன்ஸ் ஆடம்ஸின் கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். அவரை மனத்தில் வைத்துத்தான் அந்தப் பாத்திரமே எழுதப்பட்டது. ஃபோர்டாக ஜெஃப்ரி மெக்கிவர்ன், ஸேஃபாடாக மார்க் விங்-டேவி, ட்ரில்லியன் என்ற பெண்ணாக சூசன் ஷெரிடன், எப்போதும் மனச்சோர்வில் புலம்பும் ரோபோ மார்வினாக ஸ்டீபன் மூர் என்று பழைய ஐவரும் வந்தார்கள். முகத்துக்கு ஒப்பனை போட்டு 24 வயதைக் குறைக்க முடியாது. குரலுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. கேட்டுப் பாருங்கள், சைமன் ஜோன்ஸின் குரல் கொஞ்சம் கனத்திருக்கும். ஆனால் அந்தத் திகைப்பும் அந்த மரியாதையான எரிச்சலும் அப்படியே இருக்கும்.

வராதவர்களும் இருந்தார்கள். கையேட்டின் குரலாக, கதைசொல்லியாக இருந்த பீட்டர் ஜோன்ஸ் 2000 ஏப்ரலில் இறந்துவிட்டார். கிரகங்களை வடிவமைக்கும் கிழவர் ஸ்லார்ட்டிபார்ட்ஃபாஸ்டாக நடித்த ரிச்சர்ட் வெர்னன் 1997இல் போய்விட்டார். கிழவருக்கு ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் வந்தார், ஹாரி பாட்டர் படங்களில் அந்தக் கடுகடுப்பான வெர்னன் சித்தப்பாவாக நாம் பார்த்தவர்தான். பீட்டர் ஜோன்ஸின் இடத்துக்கு வில்லியம் ஃபிராங்ளின். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு குளிர்பான விளம்பரத்தின் மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்த குரல் அவருடையது.

இது எவ்வளவு கடினமான வேலை என்று ஓர் அறிவிப்பாளராக எனக்குத் தெரியும். நேயர்கள் ஒரு குரலோடு 20 வருடம் வாழ்ந்திருப்பார்கள். புதியவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் முதல் வாக்கியத்திலேயே ‘அவர் இல்லை’ என்றுதான் காது சொல்லும். பீட்டர் ஜோன்ஸ் தாம் பேசும் விஷயமே தமக்குச் சரியாகப் புரியாத ஒரு நல்ல மனிதரைப் போலப் பேசுவார். அதுதான் அவருடைய நகைச்சுவை. ஃபிராங்ளின் எல்லாம் தெரிந்தவரின் வழுவழுப்போடு பேசினார். பழையவரைப் போலிசெய்ய முயலவில்லை. நான் அதை மதிக்கிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இன்னமும் பீட்டர் ஜோன்ஸ்தான்.

இப்போது பூச்சாடிக்கு வருவோம்.

மூன்றாம் நாவலில் அக்ரஜாக் என்று ஒரு பாத்திரம். இதை மேல்நாட்டு வாசகரைவிட நாம் சுலபமாகப் புரிந்துகொள்வோம். ஏனென்றால் இது மறுபிறவிக் கதை. ஓர் உயிர் திரும்பத் திரும்பப் பிறக்கிறது. ஈயாக, முயலாக, இன்னும் என்னென்னவோவாக. ஒவ்வொரு பிறவியிலும் அதைக் கொன்றவர் ஒரே ஆள், ஆர்தர் டென்ட். வேண்டுமென்று அல்ல, தெரியாமல். ஈயை அடித்தது, முயலைச் சமைத்தது இப்படி. முதல் தொடரில் வானத்திலிருந்து விழுந்து நொறுங்கிய பூச்சாடியும் இந்த உயிரின் ஒரு பிறவிதான். எல்லாப் பிறவிகளின் கணக்கையும் நினைவில் சேர்த்துவைத்துக்கொண்டு, ஆர்தரைப் பழிவாங்க ஒரு வெறுப்புக் கோயிலையே கட்டிக் காத்திருக்கிறது அக்ரஜாக். பூர்வஜென்மக் கடன் தெரிந்த நமக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் பகீரென்றும் இருக்கும்.

அக்ரஜாக்காகத் தாமே நடிக்க வேண்டும் என்று ஆடம்ஸுக்கு ஆசை இருந்தது. மேக்ஸிடம் சொல்லியும் இருந்தார். தொடர் தயாராகும்போது அவர் உயிரோடு இல்லை. ஆனால் உயிரோடு இருந்தபோது தம் நாவல்களைத் தாமே வாசித்து ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்திருந்தார். அதில் அக்ரஜாக் பேசும் பகுதிகளை ஆத்திரமும் அழுகையுமாக நடித்தே வாசித்திருந்தார். மேக்ஸ் அந்தப் பதிவிலிருந்து ஆடம்ஸின் குரலை எடுத்து, ஒலி வேலைப்பாடுகள் சேர்த்து, நாடகத்துக்குள் பொருத்தினார். அந்தக் குரலுக்குச் சைமன் ஜோன்ஸ் ஆர்தராகப் பதில் பேசினார்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இறந்துபோன எழுத்தாளர், திரும்பத் திரும்பப் பிறந்து இறக்கும் ஒரு பாத்திரமாக, தாம் படைத்த கதாநாயகனைப் பார்த்து ‘என்னை எத்தனை தடவை கொன்றாய்’ என்று கத்துகிறார். கதாநாயகனாக நடிப்பவர் கல்லூரிக் காலத்து நண்பர். காட்சி முழுக்க நகைச்சுவை. எங்கும் அஞ்சலி இசை இல்லை, ‘அன்னாரின் நினைவாக’ என்று எவரும் தொண்டையைக் கனைக்கவில்லை. நான் வாழ்த்து அட்டை வாசிப்பிலிருந்து இரங்கல் செய்தி வரை எல்லாம் அறிவித்திருக்கிறேன், இதைப் போல ஓர் அஞ்சலியைக் கேட்டதில்லை.

தமிழாசிரியரின் சட்டை உவமைக்கு நான் அரங்கில் சொன்ன பதில் இதுதான்: “ஐயா, இந்த விருந்தில் சட்டைக்குச் சொந்தக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்.” கைதட்டல் கிடைத்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தபோது அது பாதிப் பதில்தான் என்று தோன்றியது. ஒரு காட்சியில் அவர் குரல் இருக்கிறது, சரி. மிச்ச 14 பாகங்களுக்கும் யார் பொறுப்பு?

உள்ளதைச் சொன்னால் மூன்றாம் தொடர் முழுவதும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கதை பிரமாதமானது. நாம் விளையாடும் கிரிக்கெட், அண்டவெளியில் நடந்த ஒரு கொடூரமான போரின் நினைவுச்சின்னம் என்று ஒரு கற்பனை! லார்ட்ஸ் மைதானத்தில் வெள்ளை ரோபோக்கள் மட்டையோடு இறங்கி ஆஷஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகின்றன. அந்தக் காட்சிக்கு ஹென்றி ப்ளோஃபெல்டையும் பழைய வேகப்பந்து வீச்சாளர் ஃபிரெட் ட்ரூமனையும் அவர்களாகவே வந்து நேர்முக வர்ணனை செய்யவைத்தார்கள். கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த என் மாமா இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் தொடரின் பல இடங்களில் நாவலின் வரிகளுக்கு அளவுக்கு மீறி விசுவாசமாக இருந்துவிட்டார்கள். நாவலில் பக்கத்தில் நின்று சிரிக்கவைத்த வர்ணனை வாக்கியம், பாத்திரங்களின் வாயில் வசனமாக வரும்போது நடை தளர்கிறது. 1978இல் ஆடம்ஸ் காதுக்காக எழுதினார், 1982இல் கண்ணுக்காக எழுதினார். இரண்டும் ஒன்றல்ல. இறந்தவர் எழுத்தில் கைவைக்கத் தயங்கியிருக்கிறார்கள் என்பது கேட்கும்போதே தெரிகிறது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. யாருக்குத்தான் துணிவு வரும்?

துணிந்தே ஆக வேண்டிய இடம் ஒன்று ஆரம்பத்திலேயே இருந்தது. 1980இல் ஆர்தர் விண்கலத்தோடு போய்விட்டாரே, மூன்றாம் நாவலில் அவர் ஆதிகாலப் பூமியில் குகைக்குள் கிடக்கிறாரே, இதை எப்படி ஒட்டுவது? இரண்டாம் தொடரில் நடந்த சமாசாரங்கள் எல்லாம் ஸேஃபாடின் மனப்பிரமையாக இருக்கலாம் என்று சமாளித்தார்கள். பழைய ரசிகர்கள் பலருக்கு இது உறுத்தியது. ஒரு வாரம் முழுக்கத் தூங்காமல் கேட்ட கதையைக் ‘கனவு’ என்று தள்ளினால் யாருக்குக் கோபம் வராது? நம் தொலைக்காட்சித் தொடர்களில் இந்த வித்தையை நாம் பார்க்காததா! ஆனால் மேக்ஸ் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஐந்தாம் தொடரில், இரண்டாம் தொடரின் முக்கிய ஆளான ஸார்னிவூப்பை மறுபடி கதைக்குள் கொண்டுவந்து, நாவலில் வரும் கையேட்டு நிறுவனத்தின் புதிய தலைவனும் அவனும் ஒரே ஆள்தான் என்று முடிச்சுப் போட்டார். 25 வருடத்துக் கடனை வட்டியோடு அடைத்த மாதிரி இருந்தது. இது ஆடம்ஸ் எழுதாதது. ஆனால் எழுதியிருக்கக்கூடியது.

நான்காம் தொடரும் ஐந்தாம் தொடரும் பழைய முகங்களின், மன்னிக்கவும், பழைய குரல்களின் திருவிழா. முதல் தொடரைத் தயாரித்த ஜெஃப்ரி பெர்கின்ஸே ஆர்தரின் பிபிசி மேலதிகாரியாக வந்து போகிறார். தொலைக்காட்சி வடிவத்தில் ஃபோர்டாக நடித்த டேவிட் டிக்சன், ட்ரில்லியனாக நடித்த சாண்ட்ரா டிக்கின்சன் ஆகியோருக்கும் வேடங்கள். நம் பக்கத்து மனிதர் ஒருவரும் உண்டு. கம்பத்தின் மேல் உட்கார்ந்து அறிவுரை சொல்லும் கிழவராக சயீத் ஜாஃப்ரி.

ஆனால் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், ஐந்தாம் தொடரின் முடிவு.

ஐந்தாவது நாவல் ‘மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்’ படித்தவர்களுக்குத் தெரியும். எத்தனையோ உலகங்களில் இருக்கும் எத்தனையோ பூமிகள், எல்லாம் ஒரேயடியாக அழிகின்றன. முக்கியப் பாத்திரங்களும் அங்கேயே நிற்கிறார்கள். நகைச்சுவைத் தொடர் என்று நம்பிப் படித்தவர்களுக்கு நெஞ்சில் குத்தியது. நான்காம் நாவலில் ஆர்தருக்குக் கிடைத்த ஒரே காதலியான ஃபென்சர்ச், ஐந்தாம் நாவலில் ஒரு விண்பயணத்தின் நடுவே காரணமே இல்லாமல் மறைந்துபோகிறாள். ஆடம்ஸே பின்னாளில், அது இருண்ட புத்தகம்தான் என்று ஒப்புக்கொண்டார். சொந்த வாழ்க்கையில் மோசமான ஓர் ஆண்டில் எழுதியது என்றார். ஆறாவதாக ஒன்று எழுதிக் கொஞ்சம் நம்பிக்கையோடு முடிக்க விருப்பம் என்றும் சொல்லியிருந்தார். பாதியில் நின்ற வேறொரு நாவலின் யோசனைகள் கையேட்டுக்குத்தான் பொருந்தும் போலிருக்கிறது என்றும் நினைத்தார். அந்தப் பாதி நாவல் அவர் மறைவுக்குப் பின் 2002இல் ‘த சால்மன் ஆஃப் டவுட்’ என்ற தொகுப்பில் வெளிவந்தது. ஆறாவது மட்டும் எழுதப்படவே இல்லை.

மேக்ஸ் என்ன செய்தார்? நாவலின் அழிவை மாற்றவில்லை. அது நடக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வழி திறக்கிறார். காதுக்குள் வைத்துக்கொண்டால் எந்த மொழியும் புரியும் என்று முதல் பாகத்திலேயே வந்த பேபல் மீன் நினைவிருக்கிறதா? பூமி அழியும் முன்பே தப்பித்துப் போகும் டால்ஃபின்களின் ஆற்றல் இந்த மீனுக்கும் உண்டு, ஆபத்தில் தன்னைச் சுமப்பவரையும் கூட்டிக்கொண்டு தாவிவிடும் என்று வைத்தார். அப்படித் தாவி, பிரபஞ்சத்தின் கடைசியில் இருக்கும் மில்லிவேஸ் உணவகத்தில் எல்லாரும் வந்து சேருகிறார்கள். ஆர்தருக்கு ஃபென்சர்ச் திரும்பக் கிடைக்கிறாள்.

எழுத்தாளர் அச்சில் போட்ட முடிவை, அவர் இறந்த பிறகு மாற்றுவது. தமிழாசிரியர் ஐயா சொன்ன குற்றத்தின் உச்சம் இதுதான். ஆனால் ஐந்து தொடர்களையும் வரிசையாகக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், மேக்ஸ் ஆடம்ஸுக்கு மிக நெருக்கமாக வந்தது இந்த இடத்தில்தான். வரிக்கு வரி விசுவாசமாக இருந்த மூன்றாம் தொடரில் அல்ல. ஆடம்ஸ் வாயால் சொல்லிவிட்டு எழுத நேரமில்லாமல் போன ஆசையை, ஆடம்ஸ் விட்டுப்போன மீனையும் டால்ஃபினையும் வைத்தே செய்து முடித்தார். வெளியிலிருந்து ஒரு பொருளையும் வாங்கவில்லை. 2005 ஜூன் 21ஆம் தேதி ஒலித்தது இருபத்தாறாவது பாகம். அத்துடன் முடிந்தது என்று நினைத்தார்கள்.

முடியவில்லை. 2009இல், முதல் நாவலின் 30ஆம் ஆண்டில், ஆடம்ஸின் மனைவி ஜேன் பெல்சனின் சம்மதத்தோடு ஆறாவது நாவல் ஒன்று வந்தது. பெயர் ‘அண்ட் அனதர் திங்’. எழுதியவர் ஆர்ட்டெமிஸ் ஃபௌல் சிறுவர் நாவல்களால் புகழ்பெற்ற ஐரிஷ் எழுத்தாளர் ஓயின் கோல்ஃபர். இதை மேக்ஸ் வானொலிக்குக் கொண்டுவந்தார். ஆடம்ஸ் விட்டுச்சென்ற வெளிவராத குறிப்புகளிலிருந்தும் சில பகுதிகளைச் சேர்த்துக்கொண்டார். 2018 மார்ச் 8ஆம் தேதி, முதல் பாகம் ஒலித்து 40 ஆண்டு நிறைந்த அதே நாளில், ஆறாம் தொடர் தொடங்கியது.

இந்த 13 வருடத்தில் இன்னும் சில நாற்காலிகள் காலியாகியிருந்தன. வில்லியம் ஃபிராங்ளின் 2006இல் மறைந்தார். ஜெஃப்ரி பெர்கின்ஸ் 2008இல் சாலை விபத்தில் போனார். ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் 2013, சூசன் ஷெரிடன் 2015. ட்ரில்லியனாக இப்போது சாண்ட்ரா டிக்கின்சன். மார்வினாக ஸ்டீபன் மூருக்குப் பதில் ஜிம் பிராட்பென்ட். கையேட்டின் குரலாக வந்தவர் யார் தெரியுமா? ஜான் லாயிட். 1978இல் நேரம் போதாமல் ஆடம்ஸ் திண்டாடியபோது கடைசி இரண்டு பாகங்களுக்குக் கைகொடுத்த அதே நண்பர். தொழில்முறை நடிகரின் மெருகு அவர் குரலில் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவரின் அறையில் உட்கார்ந்திருந்த குரல் அது. எனக்கு அது போதும்.

கதையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோல்ஃபர் கெட்டிக்காரர், வேகமாகச் சிரிக்கவைப்பார். ஆடம்ஸின் நகைச்சுவை அப்படி ஓடாது, அது நடுவில் நின்று யோசிக்கும். ஆறாம் தொடரில் எந்த இடம் ஆடம்ஸின் குறிப்பிலிருந்து வந்தது என்று ஊகிக்க முயன்றேன். சில இடங்களில் காது நிமிர்ந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆறாம் தொடரின் முதல் பாகத்தில் ஒரு விருந்தாளியின் குரல் உண்டு. கணினி வழியாக வரும், உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் குரல். இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங், கையேட்டின் புதிய பதிப்பாக வந்து தம்மையே கிண்டல் செய்துகொண்டார். பாகம் ஒலித்தது மார்ச் 8. ஹாக்கிங் இறந்தது மார்ச் 14. தொடர் ஏப்ரல் 12 வரை ஓடியது.

படப்பிடிப்பு முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது தமிழாசிரியர் ஐயா என்னிடம் வந்தார். சட்டை உவமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. “நீங்க சொன்ன முடிவு மாத்தின விஷயம் எனக்கு இன்னும் ஒத்துக்கல தம்பி” என்றார். பிறகு பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்து, நாடகத்தின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று கேட்டார். 1978இலிருந்து வரிசையாகக் கேளுங்கள் ஐயா என்றேன்.

“அதெல்லாம் அப்புறம். அந்த மறுபிறவிக்காரன் பேசுறது எதுல வருது, அதை முதல்ல எழுதுங்க” என்றார்.

மூன்றாம் தொடர், 2004 என்று எழுதிக் கொடுத்தேன்.